பதினைந்து முறை சந்திக்க வேண்டும்

"நானூறு மீட்டர் வட்டப் பாதை. ஒருவர் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறார். இன்னொருவர் எதிர்த்திசையில் நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சந்திப்பார்கள்?" கணக்கை வாசித்துவிட்டு மகள் பென்சிலைக் கடித்தாள்.

அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க அணுக்களை எண்ணுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? "எதிரெதிரா வந்தா வேகத்தைக் கூட்டணும்டி. பன்னெண்டு. நிமிஷத்துக்கு இருநூறு மீட்டர். அப்போ ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை."

"அப்போ பார்க்குல நீயும் அப்பாவும் அரை மணி நேரத்துல பதினஞ்சு தடவை பாத்துக்குவீங்களா?"

மகள் விளையாட்டாகத்தான் கேட்டாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. பூங்காவின் பாதையும் நானூறு மீட்டர்தான், வாசல் பலகையிலேயே போட்டிருக்கிறது. காதில் பாட்டும் தரையில் பார்வையுமாக நடக்கிறவள் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது யோசித்தால் மூன்று தடவைக்கு மேல் அவர் முகம் நினைவில் வரவில்லை. மீதிப் பன்னிரண்டு எங்கே போனது?

சந்தேகம் வந்தால் ஒன்றோடு நிற்குமா? கொழுப்பு கூடியிருக்கிறது, ஓடுங்கள் என்று அவள் சொன்னபோது எதற்கும் மல்லுக்கு நிற்கிற மனுஷன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். "நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம்" என்றதும் அவர்தான். தொப்பலாக நனைந்து வருகிற சட்டையில் வியர்வை நாற்றமே இருப்பதில்லை. போதாததற்கு, பூங்காவில் மஞ்சள் ஷூ போட்ட ஒருத்தி குனிந்து நிமிர்ந்துகொண்டே இருப்பாள். பதினான்கு வருஷக் குடித்தனம் ஒரு ஜோடி ஷூவில் போய் முடியுமா? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மறுநாள் காலை, பரிசோதனைக் கூடத்தில் அணுக்களை எண்ணப் பயன்படும் கருவியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு நடந்தாள். பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஓர் எண் கூடும்; அவர் எதிரே வரும்போதெல்லாம் அழுத்தினாள். இருபது நிமிடம் கடந்தும் அது மூன்றிலேயே நின்றது. மஞ்சள் ஷூக்காரி அவளைத் தாண்டித் தனியாக ஓடினாள். அதில் ஆறுதலடையக்கூட அவளுக்கு நேரமில்லை. விறுவிறுவென்று வந்த வழியே திரும்பினாள்.

தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு கை நெஞ்சைத் தடவியபடி இருந்தது. சற்று நேரம் கழித்து, சுவரைப் பிடித்து எழுந்து குழாயைத் திறந்தார். தண்ணீரை அள்ளிக் கழுத்திலும் அக்குளிலும் சட்டை முன்புறத்திலும், ஓர் இடம் விடாமல், பொறுமையாகத் தெளித்துக்கொண்டார். திரும்பியவர் அவளைப் பார்த்துவிட்டார்.

"எத்தனை நாளா?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு சுத்து ஓடினா லேசா புடிச்சுக்குது. சொன்னா நீ பயந்துடுவ."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கிட்டே போய் அவர் நெஞ்சில் கையை வைத்தாள். துணி சில்லென்றிருந்தது. அதற்கும் அடியில் துடிப்பு. கருவி இருந்த மறு கையின் கட்டைவிரல் அதைத் தன்பாட்டுக்கு எண்ணத் தொடங்கியது. நான்கு, ஐந்து, ஆறு. விரல் பட்டன்மேல் நின்றது, ஏழுக்காக.