பட்ட மரத்துக் குடித்தனம்

செத்த மரத்தில் எதுவும் வாழவில்லை என்று நகராட்சி அனுப்பிய ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நாள் காலையில் வந்து, தரையில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு எழுதியது. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெருமுனையில் நிற்கும் அந்தப் பட்ட யூகலிப்டஸின் பொந்தில்தான் ஆராய்ச்சிக்காக நான் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டி ஏழு வாரமாகப் பின்தொடரும் பெண் கிளைடர் பகலில் தூங்குகிறாள். அணில் அளவே இருந்தாலும் கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி சுமப்பவள். கை காலுக்கு நடுவே தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதப்பவள். அப்படியொரு பொந்து உண்டாக நூறு வருஷமாவது ஆகும். ஊருக்குள் அவள் இனத்துக்கு மிஞ்சியவை சில மரங்களே.

செவ்வாய்க்கிழமை காலை மரம் வெட்டுகிறவர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களின் மேஸ்திரி டொஹர்ட்டி என்னோடு பள்ளியில் படித்தவன். ஆன்டெனாவை மரத்துக்கு நேரே நீட்டி, ரேடியோ கருவி 'டிக் டிக்' என்பதைக் கேட்கச் சொல்லி, உள்ளே ஒண்ணு தூங்குது என்றேன்.

"கழுத்துப் பட்டை உள்ள கழண்டு விழுந்திருக்கும், லினெட். பட்டை கத்துறதுக்கு உயிர் எதுக்கு? இந்த மரம் ஒடிஞ்சு யார் கார் மேலயாவது விழுந்தா நீயா பதில் சொல்லுவ?"

நான் போய் என் காரை ஓட்டிவந்து மரத்தடியில் நிறுத்திப் பூட்டினேன்.

"விழட்டும். என் கார்தானே."

"ஸ்கூல்லயும் இப்படித்தான், பெஞ்சை விட்டு எந்திரிக்கவே மாட்ட. காரை எடு."

"மேல போய்ப் பாரு. ஒண்ணும் இல்லன்னா சாவி உனக்கு."

வாய்தான் அப்படிப் பேசியது. பட்டை நிஜமாகவே கழண்டிருந்தால் மரம் போச்சு.

அவன் கிரேன் வண்டியின் கூடையில் ஏறி மேலே போனான். பொந்துக்குள் போனை நீட்டினான். இறங்கி வர வெகுநேரம் ஆனது.

"பொய் சொல்லிட்ட, லினெட்."

நான் கார் சாவியை எடுத்து நீட்டினேன்.

"ஒண்ணுன்னு சொன்ன. அஞ்சு இருக்கு."

அவன் போனில் காட்டிய படத்தில் ஐந்து, ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு கிடந்தன. ஒன்றின் கழுத்தில் என் பட்டை. இன்னொன்று வெளிச்சத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

உத்தரவுத் தாளில் 'எதுவும் இல்லை' என்றிருந்ததை டொஹர்ட்டி அடித்துவிட்டு, 'ஐந்து, உயிரோடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

"ஆபீஸ்ல என்னை வறுத்தெடுப்பாங்க."

"எடுக்கட்டும்."

"நாளைக்கு வேற ஆளுங்கள அனுப்புவாங்க. காரை எடுத்துடாத."

எடுக்கவில்லை. மறுநாள் காலை நான் போனபோது மரத்தின் மறுபக்கம் அவனுடைய சொந்த வண்டி நின்றிருந்தது.