தாடையைக் கொஞ்சம் இறக்குங்க

வால்பாறைக்கு மேலே அந்த மழைக்காட்டுக்குள் நுழையும்போதே நிஷா உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். ராயப்பன் தலையாட்டினார். சும்மா இருக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஊரில், கோவில்பதாகையில், அவருடைய போட்டோ ஸ்டூடியோவில் பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தாலும் பேச ஆள் கிடையாது. மனைவி செலின் இறந்துபோனபிறகு, ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நாலு வார்த்தை, அத்தோடு சரி. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த நிஷாதான் அலமாரியில் இருந்த அவருடைய கேமராவைப் பார்த்துவிட்டு, "எங்க கூட காட்டுக்கு வர்றீங்களா அங்கிள்? மாசாமாசம் போறோம்" என்று கேட்டாள். மாசாமாசம் என்ற சொல்தான் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை ஒழுங்காக இருந்துவிட்டால் அடுத்த தடவையும் கூப்பிடுவார்கள்.

கணுக்காலில் அட்டை ஏறி ரத்தம் குடித்தது. அவர் அசையவில்லை. "ஸ்ட்ராங்குதான் நைனா நீ" என்று கூட வந்த பரத் காதோடு சொன்னபோது, அந்த அட்டை இன்னும் கொஞ்சம் குடிக்கட்டும் என்றிருந்தது.

பலாமரத்தில் சிங்கவால் குரங்குகள் காலையிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டே சுளை தின்றன. தாயின் வயிற்றில் ஒட்டியிருந்த குட்டியைத்தான் பரத் கேமராவில் குறிபார்த்துக் காத்திருந்தான். அப்போது பெரிய ஆண் ஒன்று தாழ்ந்த கிளைக்கு வந்து உட்கார்ந்தது. கரிய முகம், சுற்றிலும் நரைத்த பிடரி. இலைகளுக்கு நடுவே வெளிச்சம் சரியாக அதன் நெற்றியில் விழுந்தது. ஆனால் அது எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணம், கோயிலில் பிள்ளைகளின் புதுநன்மை, மஞ்சள் நீராட்டு என்று படமெடுத்து வாழ்நாளெல்லாம் சொல்லிப் பழகிய வாய், அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"சார், இங்க பாருங்க. தாடையக் கொஞ்சம் எறக்குங்க."

அது பார்த்தது. நேராக, அவரை மட்டும். அவர் விரல் அழுத்தியது. அடுத்த நொடி 'ஊப்' என்று ஒரு சத்தம், கிளைகள் சடசடத்தன. கூட்டமே மேலே ஏறி மறைந்தது.

"இன்னா நைனா! கொரங்குக்கு பாஸ்போர்ட் போட்டோவா எடுக்கறே?"

எல்லோரும் சிரித்தார்கள். கேட்ட பரத் மட்டும் சிரிக்கவில்லை. "காலைலேந்து குந்திகினு கீறேன். குட்டி இப்பத்தான் தலைய நீட்டிச்சு."

"பழக்கதோஷம்பா" என்றார் ராயப்பன்.

"பவுடர் போட்டு தலை சீவி வுடலியே, அது வரைக்கும் சந்தோசம்."

திரும்பும் வழியில் வேனில் அவர் பக்கத்து இருக்கையில் பைகளை அடுக்கியிருந்தார்கள்.

அடுத்த மாதம் பிறந்தது. அவரே போன் செய்தார்.

"இந்த மாசம் எந்தக் காடும்மா?"

"வண்டியில எடம் இருக்கானு பாத்துட்டு சொல்றேன் அங்கிள்" என்றாள் நிஷா. குரல் நல்லவிதமாகத்தான் இருந்தது. அவள் பின்னால் யாரோ, "யாரு, அந்த சார்-இங்க-பாருங்க பார்ட்டியா?" என்பது கேட்டது.

சனிக்கிழமை வரை போன் வரவில்லை. அன்று காலை வழக்கம்போலக் கடையைத் திறந்தார். ஊதுவத்தி ஏற்றினார். வாடிக்கையாளர் உட்காரும் முக்காலியைத் துடைத்து, நீலத் திரைக்கு முன்னால் போட்டார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை எடுத்தார். முகத்தை மட்டும் வெட்டி, காட்டை அழித்து, பின்னால் வெள்ளை வைத்து, பிரிண்டர் பொத்தானை அமுக்கினார்.

தாள் மெல்ல வெளியே வந்தது. பாஸ்போர்ட் அளவில் எட்டுப் படம். ஈரம் உலர விசிறிவிட்டு, இருகையாலும் பிடித்து, காலி முக்காலியின் பக்கம் நீட்டினார்.

"சரியா வந்துகீதா, பாருங்க."

மின்விசிறிக் காற்றில் தாள் நடுங்கியது. தாடையைச் சற்றே இறக்கி, எட்டு முகங்களும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.