பின் ரூம் மூப்பர்களும் எங்க வீட்டு உரலும்

"பாத்ரூம் போறவன் ஷூவைக் கையில தூக்கிட்டுப் போவானா?"

"நீ தூங்கிட்டிருந்த. சத்தம் வேணாமேன்னு."

"நேத்தும் அப்படித்தான் போன. நான் தூங்கல. கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தேன்."

"ஓ, உளவு பாக்குறியா. இதுக்குத்தான் அமெரிக்காவுல இருந்து பிளேன் ஏறி வந்தியா?"

"ரெண்டு பேரும் ஒருத்தர் பார்வையில ஒருத்தர் இருக்கணும். இது நான் போட்ட சட்டம் இல்ல. ஞாயித்துக்கிழமை மிஷன் தலைவர் போன் பண்ணுவார். கேட்டா மறைக்க மாட்டேன். பொண்ணு விஷயமா, அதை மட்டும் சொல்லு."



நான் பின் ரூம் சுவருக்கு இந்தப் பக்கம் துணி மடிச்சிட்டிருந்தேன். அது பேருக்குத்தான் சுவர், வெறும் பலகை. கையில இருந்த துண்டோட அப்படியே நின்னுட்டேன். எங்க வீட்டு வளாகத்துல பொண்ணுன்னா ஒரே பொண்ணுதான். என் மக நொய்லியா.

என் பேரு எலிகியா. பராகுவேல வில்லாரிக்கா ஊரு. எங்க பின் ரூம்ல ரொம்ப நாளா மிஷனரிப் பசங்கதான் குடியிருக்காங்க. ஆள் மாறும், ஜோடி மட்டும் மாறாது, எப்பவும் ரெண்டு பேர். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்பா ஒரு பேர்ப் பட்டை. இருபது வயசு கூட ஆகியிருக்காது, பேருக்கு முன்னாடி 'மூப்பர்'னு போட்டுக்குவாங்க. இப்ப இருக்கிறது மூப்பர் பிங்ஹம், அமெரிக்காக்காரன், நெட்டையா வெயில்ல வெந்து செவந்து போனவன். இன்னொருத்தன் மூப்பர் கொண்டோரி, பொலிவியா மலையூர்ப் பையன். முதல் தடவை இந்த மூப்பர் பேரைக் கேட்டப்ப எங்க வீட்டுக்காரர், "அப்ப நான் யாரு, மூப்பரோட தாத்தாவா"ன்னு கேட்டார்.

விடியக்காலையில எழுந்து படிப்பாங்க, ஜெபம் பண்ணுவாங்க. அப்புறம் நாள் பூரா நடை. ஒவ்வொரு கேட்டு முன்னாடியும் நின்னு, எங்க ஊர் வழக்கப்படி கை தட்டிக் கூப்பிடுவாங்க. நாய் குரைக்கும். உள்ள இருக்கிறவங்க டிவி சத்தத்தைக் குறைச்சிட்டு மூச்சு விடாம உக்காந்திருப்பாங்க. நானும் முன்னாடி அப்படி உக்காந்தவதான். நான் கத்தோலிக்கக்காரி, மாற மாட்டேன்னு அவங்களுக்கும் தெரியும். மதியம் மரவள்ளிக்கிழங்கும் கறிக்குழம்பும் போடுவேன், நல்லா சாப்பிடுவாங்க. சாப்பிட்டதும் ஊரே தூங்கிடும், எந்தக் கதவும் திறக்காது. அந்த நேரம் மட்டும் அவங்களும் ரூம்லயே இருப்பாங்க.

அந்த நேரத்துலதான் கொண்டோரி ஷூவைக் கையில எடுத்துட்டு எங்கயோ போறான்.

எனக்கு இன்னொரு விஷயமும் உறுத்துச்சு. எங்க ஊர்ல தெரெரே குடிக்காத வீடு கிடையாது. ஐஸ் தண்ணியில தழையை இடிச்சுப் போட்டு, மூலிகைத் தூள்ல ஊத்தி உறிஞ்சிக் குடிக்கிறது. வயித்துக்கு ஒரு தழை, தூக்கத்துக்கு ஒரு தழை. உரலைப் பாத்தாலே அந்த வீட்ல யாருக்கு என்னன்னு சொல்லிடலாம். என் உரல்ல கொஞ்ச நாளா நான் இடிக்காத ஒரு தழை ஒட்டிட்டிருந்துச்சு. அதை நீர்க்கடுப்புக்கும் குடிப்பாங்க. மாசம் தள்ளிப்போன பொண்ணுங்களும் குடிப்பாங்க. பொண்ணைப் பெத்தவளாச்சே, எனக்கு ரெண்டாவதுதான் தோணுச்சு.

சாயங்காலம் நொய்லியாவை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"இந்தத் தழை யாருக்குடி?"

"எனக்குத்தான்."

"உனக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. சூடு."

"சூட்டுக்கு இதைக் குடிக்க மாட்டாங்களே."

"எனக்கு ஒத்துக்குதும்மா. இதுக்கும் ஒரு விசாரணையா?"

என் முகத்தைப் பாக்காமலே போயிட்டா. சின்ன வயசுல பொய் சொன்னா காது சிவக்கும் அவளுக்கு. அன்னிக்கும் சிவந்துச்சு. எங்க வீட்டுக்காரர் லாரியோட பிரேசில் எல்லையில இருந்தார். அவருக்குப் போன் பண்ணலாமான்னு எடுத்து, வச்சுட்டேன். பண்ணியிருந்தா அந்தப் பையனோட பெட்டி தெருவுல கிடந்திருக்கும்.

மறுநாள் மதியம் கட்டில்ல படுத்து குறட்டை விடுற மாதிரி நடிச்சேன். கொஞ்ச நேரத்துல பின் கதவு சத்தம். மெதுவா எழுந்து ஜன்னல் வழியாப் பாத்தேன். மாமரத்தடியில நொய்லியா கையில குடுவையோட நிக்கிறா. கொண்டோரி வெறுங்காலோட வர்றான். தழைத் தண்ணி என் மக குடிக்கல. அவன் குடிச்சான். குடிச்சிட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சான்.

வெளிய போய் நின்னேன்.

"என்னடா நடக்குது இங்க?"

கொண்டோரி வெளுத்துட்டான். நொய்லியாதான் பேசுனா. "அவருக்கு ஒண்ணுக்குப் போனா ரத்தம் வருதும்மா. ரெண்டு வாரமா."

"அதை நான் நம்பணுமா?"

அவன் பாத்ரூமுக்குப் போனான். ஒரு பாட்டிலோட வந்தான். பீட்ரூட் வேகவச்ச தண்ணி மாதிரி இருந்துச்சு. தப்பா நெனைக்காதீங்க, நான் உள்ள போய் ஃபிரிட்ஜைத் திறந்து பீட்ரூட் இருக்கான்னு பாத்தேன். முழுசா இருந்துச்சு, வாங்கின பையோட.

திரும்பி வந்து கேட்டேன். "டாக்டர்கிட்ட போறதுக்கு என்னடா?"

"தனியா போகக் கூடாது எலிகியாம்மா. பிங்ஹம் கூட வரணும். அவனுக்குத் தெரிஞ்சா தலைவருக்குத் தெரியும். தலைவருக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்பினா போய் உடம்பைப் பாத்துக்கோ."

"எங்க ஊர்ல பாதியில திரும்பி வந்தவனை, அங்க என்னடா பண்ணிட்டு வந்தன்னுதான் கேப்பாங்க. உடம்பு சரியில்லன்னு சொன்னா யார் நம்புவா? எங்க சபையே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வழியனுப்புச்சு. எங்கம்மா ஒவ்வொரு வாரமும் எழுந்து நின்னு என் பேரைச் சொல்லி ஜெபம் பண்றாங்க."

யார் நம்புவான்னு அவன் கேட்டது என்னையே கேட்ட மாதிரி இருந்துச்சு. நான் இப்பத்தான் ஃபிரிட்ஜைத் திறந்து பாத்துட்டு வந்திருந்தேன்.

அப்ப பிங்ஹம் வந்துட்டான். அவனும் வெறுங்கால். எங்க மூணு பேரையும் மாறி மாறிப் பாத்தான்.

"என்ன நடக்குது?"

கொண்டோரி என்னைப் பாத்தான். கேஸ் சிலிண்டர் தூக்கக் கூப்பிட்டேன்னு சொல்லியிருந்தா அன்னிக்கு முடிஞ்சிருக்கும். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்துச்சு. ஆனா அந்தப் பாட்டில் இன்னும் அவன் கையில இருந்துச்சு.

"ஷூ போடுங்கடா ரெண்டு பேரும். ஆஸ்பத்திரிக்குப் போறோம்"னேன்.

பிங்ஹம் பாட்டிலைப் பாத்தான். அவன் முகம் இன்னும் செவந்துச்சு. "நான் பொண்ணு விஷயம்னு நெனச்சேன். ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தலைவர்கிட்ட சொல்லுவ."

"சொல்லத்தான் செய்வேன்"னான். ஆனா குனிஞ்சு கொண்டோரியோட ஷூ நாடாவை அவனே கட்டி விட்டான், இவனால குனிய முடியல.

கிட்னியில கல்லு. கூடவே சீழ். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கும்னு டாக்டர் சொன்னார். அன்னிக்கு சாயங்காலமே பிங்ஹம் தலைவருக்குப் போன் பண்ணான். தலைவர் நல்லாத்தான் பேசினாராம். ஆனா இந்த வெயில்ல இனி நடக்க முடியாது, ஊருக்குப் போய்க் குணமாகட்டும்னு சொல்லிட்டார். இந்த வியாழக்கிழமை தலைநகர் அசுன்சியோன் போற பஸ்ல ஏத்தி விட்டோம். கொண்டோரி பிங்ஹமைக் கட்டிப் பிடிச்சான். எனக்கு 'நன்றி'ன்னு சொன்னான், கண்ணைப் பாக்கல. அவங்க அம்மா நம்பரை வாங்கி, டாக்டர் எழுதின சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். பொண்ணு விஷயம் எதுவும் இல்ல, நானே சாட்சின்னும் எழுதினேன்.

எழுதினதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. அவன் போனதுல இருந்து நொய்லியா சரியா சாப்பிடல. என்கூடப் பேசுறதும் இல்ல. நேத்து துணி காயப்போடப் போனா மாமரத்தடியில உக்காந்து அழுதுட்டிருக்கா. குடியிருக்க வந்த பையனுக்குக் கல்லு வந்ததுக்கு ஒருத்தி இவ்வளவு அழுவாளா? அப்ப நான் சொன்ன சாட்சி என்ன சாட்சி?

கேட்டா, உடம்பு சரியில்லாதவனைக் கூட நம்பலையே நீன்னு சொல்லுவா. கேக்காம இருக்கவும் முடியல. இந்தக் குழுவுல பொண்ணு பெத்தவங்க நிறைய பேர் இருக்கீங்க. நான் கேக்கலாமா, விட்டுடலாமா? தயவுசெஞ்சு கீழ எழுதுங்க, ரெண்டு வரி போதும்.