ஏழு நீலப் புள்ளிகள்

கோப்பிலிருந்து அந்த ஒரு தாளை மட்டும் உருவி, நாலாக மடித்துக் கைப்பையின் அடியில் தங்கை திணித்தபோது, வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பையின் ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை.

"கிடைச்சுதா?" கூடத்திலிருந்தே அண்ணி குரல் கொடுத்தாள்.

"தேடிட்டிருக்கேன் அண்ணி."

கோப்பு மடியிலேயே இருந்தது.

"அவர் எதைத்தான் வச்ச இடத்துல வைக்கிறார்? வானத்துல இருக்கிறதுக்கெல்லாம் நம்பர் போட்டு வச்சிருப்பார். வீட்டுச் சாவி எங்கேன்னு கேட்டா முழிப்பார்." அண்ணி பேசிக்கொண்டே வந்து, 'வைக்கிறார்' என்று சொன்னது உறைத்தோ என்னவோ, சட்டென்று நிறுத்திக்கொண்டாள். குளியலறைக் கதவு சாத்தும் ஓசை கேட்டது.

அண்ணன் இறந்து மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. விடியும் நேரத்தில் நெஞ்சை அடைக்கிறது என்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. சான்றிதழ் எழுத உட்கார்ந்த டாக்டர் பேனாவை நிறுத்தி, "இவருக்கு ஒரே கிட்னிதானா? பழைய ரிப்போர்ட்டெல்லாம் வேணும்" என்றாராம். பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கைக்கு அண்ணி போன் செய்து, கோப்பைத் தேடி எடுத்து வைக்கச் சொன்னாள்.

ஒரே கிட்னிதான். மற்றொன்று ஒன்பது வருடமாகத் தங்கையின் உடம்பில் இருக்கிறது.

எட்டு மாதத்துக்கு முன்பு தங்கையின் வழக்கமான பரிசோதனைக்குத் துணையாக வந்த அண்ணன், போகிற போக்கில் தன் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வந்தார். அவளுடைய முடிவு நன்றாக வந்தது. அவருடையது நன்றாக வரவில்லை. இப்போது பைக்குள் இருக்கும் அந்தத் தாளில், உடனே சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு. "உங்க அண்ணிகிட்ட மூச்சு விடாதே. நான் பார்த்துக்கறேன்" என்றார். அவரும் பார்த்துக்கொள்ளவில்லை, அவளும் மூச்சு விடவில்லை. அண்ணன் சொல்லைக் காப்பாற்றுகிறேன் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையில் அது பயம். 'நீ எடுத்துக்கிட்டதாலதானே' என்று அண்ணி ஒரே ஒரு முறை சொல்லிவிட்டால், அதற்கப்புறம் இந்த உடம்பை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அறைக்குள் 'சந்தேகம்' வந்தார். அண்ணனோடு நட்சத்திரக் கொத்துகளை ஆராய்ந்தவர். எந்த எண்ணைக் காட்டினாலும் "சந்தேகமா இருக்கே" என்பதால் அண்ணன் வைத்த பெயர். அவர்தான் காரை ஓட்டி வந்திருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், சுவரில் ஒட்டியிருந்த பெரிய வரைபடத்தின் முன் போய் நின்றார்.

"இதைப் பார்த்திருக்கீங்களா தங்கச்சி?"

"மிளகு கொட்டின மாதிரி இருக்குன்னு கேலி பண்ணுவேன்."

"ஒவ்வொரு மிளகும் ஒரு நட்சத்திரம். எல்லாம் ஒரே கொத்து, ஒரே சமயத்துல பிறந்ததுங்க. நீலமா, பிரகாசமா இருக்கிறது சீக்கிரம் செத்துடும், இந்த வயசான கொத்துல எப்பவோ செத்திருக்கணும். அதனால இந்த வளைவுக்கு மேல ஒண்ணும் இருக்கக் கூடாது." விரலை மேலே நகர்த்தினார். "ஆனா ஏழு இருக்கு."

வளைவைத் தாண்டித் தனியாக ஏழு நீலப் புள்ளிகள். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு அழித்த தடம்.

"ஆறு வருஷம் இந்த ஏழையும் கணக்குல சேர்க்காம வச்சிருந்தார் உங்க அண்ணன். நம்ம கொத்து இல்ல, நடுவுல வந்து நிக்கிற வழிப்போக்கனுங்கன்னு. பொருந்தாததை உருவிட்டா படம் பளிச்சுனு வந்துடும் பாருங்க."

தங்கையின் கை பையின் மேல் இறுகியது.

"அப்புறம் அதுங்க நகர்றதை அளந்தா, கொத்தோட சேர்ந்து அதே பக்கம்தான் போகுது. வீட்டு ஆளுங்கதான். சத்தமில்லாம அடுத்த கட்டுரையில திருத்திடலாம்னு நான் சொன்னேன். மனுஷன் கேட்கல. அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னு, 'எனக்குத் தோதா இல்லேன்னு எடுத்துட்டேன், தப்பு என் மேல'ன்னுட்டார். எனக்கே கூசிப் போச்சு."

"செத்திருக்க வேண்டியதுங்க எப்படி உயிரோட இருக்கு?" என்று தங்கை கேட்டாள்.

"ஒட்டினாப்பல இன்னொரு நட்சத்திரம் இருக்கும். அதுகிட்டேருந்து எடுத்துக்கும். எடுத்துக்கிட்டு மறுபடியும் இளசா..."

பாதியில் நின்றுவிட்டார். ஒன்பது வருடத்துக்கு முன் ஆரஞ்சுப் பழப் பையோடு இருவரையும் ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தவர் அவர்.

"குடுத்தது என்ன ஆகும்?"

அவர் தரையைப் பார்த்தார். "மங்கிடும்" என்றார். பிறகு, "காரைத் திருப்பி நிறுத்தறேன்" என்று அவசரமாக வெளியே போனார்.

குளியலறையில் தண்ணீர் நின்றது.

தங்கை ஜிப்பைப் பிடித்து இழுத்தாள். விரல்கள் வழுக்கின. மாட்டிக்கொண்ட இடைவெளிக்குள் கையை நுழைத்துத் துழாவி, தாளைப் பிடுங்கி, கோப்பில் இருந்த இடத்திலேயே சொருகினாள். நிமிர்ந்தபோது அண்ணி கதவருகே நின்றிருந்தாள். ஈர முகம். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

கையை நீட்டினாள். தங்கை கோப்பைக் கொடுத்தாள்.

அண்ணி அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். எல்லாம் இஸ்திரி போட்டதுபோல் இருந்தன. ஒன்றில் மட்டும் நாலு மடிப்புத் தடம். அவள் விரல் அங்கே நின்றது. மடிப்பை நீவி, தேதியைப் பார்த்தாள். சிவப்புக் கோட்டைப் பார்த்தாள்.

"எட்டு மாசம்."

"ஆமா அண்ணி."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

வெளியே கார் பின்னால் நகரும் சத்தம். அண்ணி வாயைத் திறந்தாள்.

அப்போது அண்ணியின் பையிலிருந்து அண்ணனின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பியது. அழைப்பு இல்லை, ஒன்பது மணி அலாரம். கொடுத்த கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கத் தங்கை தினமும் அந்த நேரத்துக்கு மாத்திரை போட வேண்டும். ஒன்பது வருடமாக அலாரம் அடித்ததும் அண்ணன் கூப்பிட்டுவிடுவார்: "போட்டியா?" ஒரே வார்த்தை. பதில் வந்ததும் வைத்துவிடுவார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணி அதை எடுத்துத் திரையைப் பார்த்தாள். நிறுத்தினாள். கோப்போடு எழுந்து அறையை விட்டுப் போனாள்.

தங்கை அசையவில்லை. சமையலறையில் குழாய் திறந்தது. மூடியது.

அண்ணி திரும்பி வந்து தண்ணீர் டம்ளரை மேசைமேல் வைத்தாள்.

"போடு."

கைப்பையிலிருந்து எடுத்த மாத்திரை டப்பாவின் மூடி திறக்க வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. தங்கை விழுங்கி முடிக்கும்வரை அண்ணி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். மறு கையில் கோப்பு மூடியிருந்தது. மடிப்பு விழுந்த தாளில், அடையாளத்துக்கு வைத்ததுபோல, அவள் விரல் உள்ளேயே இருந்தது.