பரீதாவின் கைக்கு ஒரு பிடி

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, டொக்யாட் என்ற கப்பல்துறையின் தச்சுப் பட்டறையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் கிண்ணியா அலியாரும் ஒருவர். இருபது வருடமாக வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்துபோன மனிதர். இப்போது வாரம் முழுக்க வெள்ளிக்கிழமை. வீட்டில் சமைக்கிற குசினி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையே அப்போதுதான் சரியாகக் கண்டுகொண்டார்.

கண்டவர் சும்மா இருந்தாரா? கதிரையின் காலைச் சீவினார். ஆடாத கதிரை ஆடத் தொடங்கியது. அலுமாரிக் கதவைத் திருத்தினார். அதைத் திறக்க இப்போது இரண்டு பேர் வேண்டும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி தான்தானோ என்று அவருக்கே சந்தேகம். மனைவி பரீதா ஒரு சொல் குறை சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லுக்குத்தான் மனிதர் ஏங்கினார். கப்பலுக்குப் பலகை சீவிய கை வீட்டுக்கு உதவாமல் போய்விட்டதோ என்ற பயம் அவருக்கு உண்மையிலேயே இருந்தது.

அப்படியிருக்க, மீன் வெட்டும் கத்தியின் பிடி பிளந்தது. அலியாருக்குப் பெருநாள் வந்ததுபோல் இருந்தது.

"புள்ள, இதுக்கு நான் ஒரு பிடி போடுறன். உன்ட கைக்கெண்டே அளவெடுத்து."

"பழைய மாதிரி உருண்டையா ஒண்டு போட்டாக் காணும்," என்றாள் பரீதா.

"உருண்டைப் பிடி எவனும் போடுவான்!"

ரொட்டிக்குப் பிசைந்து வைத்திருந்த மாவில் ஒரு கட்டியை எடுத்து நீட்டி, கத்தியைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பரீதா கொஞ்சம் தயங்கினாள். பிறகு வலக்கையை நீட்டி இறுக்கினாள். தயக்கத்தை அலியார் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார். கலியாணம் முடித்துப் பதினாறு வருடத்துக்குப் பிறகும் அவளுக்குத் தன்மேல் வெட்கம் மிச்சமிருக்கிறதே என்று உள்ளூர மகிழ்ந்தார்.

நாலு நாள் வேலை. விண்ணாங்குக் கட்டையில் நாலு விரலுக்கும் நாலு பள்ளம், பெருவிரலுக்குத் தனிச் சாய்வு. உடைந்த போத்தல் கண்ணாடியால் சுரண்டி மழமழப்பாக்கி, தேங்காயெண்ணெய் பூசி, பித்தளைப் பூணும் மாட்டினார். பக்கத்து வீட்டு லைலாவிலிருந்து பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வரைக்கும் காட்டியாயிற்று. இதை மட்டும் துரைமார் கண்டிருந்தால் போன கடற்படையே திரும்பி வந்திருக்கும் என்று அவருக்கு எண்ணம்.

பரீதா வாங்கிப் பார்த்தாள். "ம்," என்றாள்.

மூன்றாம் நாள் பார்த்தால், பிடி முழுக்கப் பழந்துணி சுற்றியிருந்தது. பார்த்துப் பார்த்துச் செதுக்கிய பள்ளம் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. அலியாருக்குக் கோபம் தலைக்கேறியது. கேட்டே விடுவது என்று, மறுநாள் அவள் மீன் வெட்டுகிற நேரம் பார்த்துக் குசினிக் கதவைத் தள்ளினார்.

பரீதா இடக்கையால் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அவசரமாகக் கத்தியை வலக்கைக்கு மாற்றினாள். இடக்கை விரல்களின் அடியில், அவர் செதுக்கிய விளிம்புகள் உரசிய இடமெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"நீ இடக்கையா?"

"சாப்பிடுறது, குடுக்கிறது, வாங்குறது எல்லாம் வலக்கைதான். கத்தி மட்டும் அதுல வராது. சின்னதுல உம்மா அடிச்சும் பாத்தா, ஏலாமப் போச்சு. அதால கதவச் சாத்திட்டுத்தான் வெட்டுறன்."

"அப்ப அண்டைக்கு மாவுல ஏன் வலக்கைய வச்ச?"

"புருசனுக்கு இடக்கையவா நீட்டுறது?"

அலியார் கத்தியின் பிடியைக் குனிந்து பார்த்தார். மயிரிழை பிசகாமல்தான் அளவெடுத்திருக்கிறார், பிழையான கையை. டொக்யாட்டில் இப்படி ஒரு வேலை செய்திருந்தால் வெள்ளைக்காரன் போகும்வரை காத்திராமல் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான். வெட்கமாக இருந்தது. பதினாறு வருடம் சாத்தியிருந்த அந்தக் கதவை நினைக்கத் துக்கமாகவும் இருந்தது.

உளியை எடுத்துவந்து குசினி வாசலிலேயே குந்தினார். துணியை அவிழ்த்தார். நாலு நாள் வேலையை அரை மணி நேரத்தில் சீவித் தள்ளினார். கடைசியில், எவனும் போடக்கூடிய ஒரு உருண்டைப் பிடி மிஞ்சியது.

"இந்தக் கையால புடி," என்று அவளுடைய இடக்கையைக் காட்டினார்.

அவள் வெட்டத் தொடங்கியதுதான் தாமதம், கறிவேப்பிலை கேட்டு லைலா வந்து வாசலில் நின்றாள். பரீதாவின் கை அப்படியே நின்றது. லைலாவின் கண் நேரே அந்தக் கையில் விழுந்தது.

பரீதா கத்தியைக் கை மாற்றவில்லை. அடுத்த துண்டை வெட்டினாள்.

"இவர் போட்ட பிடி," என்றாள் லைலாவிடம். "நல்லா இருக்கு."

எத்தனையோ நாளாகக் காத்திருந்த சொல். வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல், அலியார் கையில் இருந்த உளியைக் குசினி முழுக்கத் தேடினார்.