மகாராணிக்கு இன்னொரு பரிசோதனை

மகளுக்கு மலத்தில் ரத்தம் போகத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை, பண்ணைக்காரரின் மனைவி தொழுவத்துக்கு வந்து, சாணி அள்ளிக்கொண்டிருந்த குள்ளியின் கையிலிருந்த கூடையைத் தட்டிவிட்டாள்.

"உன் கை பட்டுத்தான் என் பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்கறா. இனிமே இந்தப் பக்கம் வராத."

ஐந்து வயதுக் குழந்தைக்குச் சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்று மருத்துவர்கள் பயந்துகொண்டிருந்தார்கள். பெற்றவள் பதறியதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பதற்றம் வேறெங்கும் நிற்காமல் நேரே குள்ளியின் கையைத் தேடி வந்ததே, அது அநியாயம். அந்தக் கை பாலைத் தொட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன் பதினோரு வருடம் கறந்தவள் குள்ளிதான். மடியை வெந்நீரால் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி, முதலில் வரும் பாலைக் கொஞ்சம் தனியே பீச்சிக் கொட்டிவிட்டுத்தான் வாளியை வைப்பாள். ஒருநாள் விருந்தாளியாக வந்த வீட்டம்மாவின் அண்ணன் இதைப் பார்த்துவிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆள் கறக்கிற பாலையா குடிக்கிறீர்கள் என்று முகம் சுளித்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்தவர்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் குப்பை அள்ளலாம், சாக்கடை குத்தலாம், சமையலறைக்குள் மட்டும் நுழையக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்ததைவிடக் கறாராக நடந்தது. தொழுவத்தில் கறப்பதை மட்டும் அதுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

அண்ணன் சொன்ன மறுநாளிலிருந்து சாணி அள்ளுவது குள்ளிக்கு, கறப்பது பண்ணைக்காரருக்கு என்றானது. மடி கழுவுவது கூலியாள் வேலை என்பது அவர் எண்ணம். அதனால் கழுவாமலே கறந்தார். அதிலும் மகாராணி என்ற செவலை மாட்டின் பாலைக் காய்ச்சாமல், கறந்த சூட்டோடு மகளுக்குக் கொடுப்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

குள்ளியால்தான் நோய் வந்தது என்ற பேச்சு, கூடையைத் தட்டிவிட்ட அன்று மதியத்துக்குள் தெருவெல்லாம் பரவியது. அவள் வேலை செய்த மற்ற மூன்று வீடுகளும் கதவைச் சாத்தின. குள்ளியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டவர் கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், கால்நடை மருத்துவர் வந்து ஆறு மாடுகளின் சாணத்தையும் எடுத்துப் போனார். பத்தாம் நாள் சாயங்காலம் முடிவோடு வந்தார். குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்திருந்தது. தொழுவம் நாறிக் கிடந்ததாலும் அள்ள வேறு ஆள் கிடைக்காததாலும் குள்ளிக்கும் அன்று ஆள் அனுப்பியிருந்தார்கள்.

கிருமி மகாராணியின் குடலில் இருக்கிறது என்றார் மருத்துவர். மாட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, நன்றாகத் தின்னும், நன்றாகக் கறக்கும், ஆனால் சாணத்தோடு கிருமி வெளியே வந்துகொண்டிருக்கும். மடியில் ஒட்டிய சாணம் பாலில் விழுந்திருக்கிறது. பாலைக் காய்ச்சியிருந்தால் கிருமி செத்திருக்கும்.

"மடியை யாரு கழுவுறது?" என்று கேட்டார்.

பண்ணைக்காரர் மாட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். வீட்டம்மா குள்ளியைத் தனியே இழுத்துப் போனாள்.

"நாளையிலேருந்து வா. மடி கழுவுறது நீ, கறக்கிறது அவரு. நடந்ததை வெளிய சொல்லிக்காத, பால் வாங்க ஒருத்தரும் வரமாட்டாங்க."

"தெருவுல என்னைச் சொன்னீங்களேம்மா. அதே தெருவுல இதையும் சொல்லிடுங்க. நாளைக்கே வரேன்."

வீட்டம்மா திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பண்ணைக்காரர் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே, கண் கலங்க, மருத்துவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை பரிசோதனை பண்ணிப் பாருங்க டாக்டர். தீர விசாரிக்காம ஒரு உயிர்மேல பழி போடறது பாவம் இல்லையா?"

குள்ளி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்த மாட்டுக்கு ரெண்டாவது தடவை கேக்கறீங்களே ஐயா, எனக்கு ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

வெளியே சாயங்காலப் பாலுக்குத் தெருப் பெண்கள் பாத்திரங்களோடு காத்திருந்தார்கள். குள்ளியைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் போகவில்லை. அவர்கள் நடுவில் நின்று, மாட்டு டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.