விடுதிக்காரி கேட்கும் வாடகை

“புத்தகம் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குக்கா. ஆனா புடிக்கல.”

“என்னடி, மாமியாரைப் பத்திச் சொல்ற மாதிரி சொல்ற?”

மூன்று வாரத்துக்கு முன், டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடி அக்கா இப்படிக் கேட்டபோது பக்கத்து நாற்காலிக்காரர்கூடச் சிரித்துவிட்டார். நான் சொன்னது உண்மைதான். காட்டுக்குள் ஒரு தேவதை நடத்தும் விடுதி. எரியும் கணப்பு, கொதிக்கும் சூப், கம்பளிப் போர்வை, மழைக்கு ஒதுங்குகிறவர்களை “வா கண்ணு” என்று அழைக்கும் குரல். படிக்கப் படிக்க அந்த அடுப்போரமே தங்கிவிடலாம் போலிருக்கும். ஆனால் கிளம்பும்போது விடுதிக்காரி வாடகை கேட்பாள். ஒருவனிடம் நிழல், ஒருத்தியிடம் குரல். கத்தியை வெந்நீரில் கழுவி, தலையைத் தடவிக்கொடுத்து, அன்பாகத்தான் எடுப்பாள். அந்த அன்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வாரத்தில் மூன்று நாள், நான்கு மணி நேரம், இயந்திரம் அக்காவின் ரத்தத்தை எடுத்துக் கழுவித் திருப்பித் தரும். அவ்வளவு நேரமும் நான் வாசிப்பேன். வாடகை வரும் இடங்களை மட்டும் சத்தமில்லாமல் தாண்டிவிடுவேன்.

என் கைப்பையில் ஒரு மருத்துவ அறிக்கை இருந்தது. அக்காவுக்குத் தெரியாமல் போய்ப் பரிசோதித்துக்கொண்டேன். ரத்தம் பொருந்தியது. மற்றதும் பொருந்தியது. கடைசியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, “உங்களுக்கே சர்க்கரை இருக்கும்மா. உங்ககிட்ட எடுக்க முடியாது” என்றார். பதினாறு நாளாக அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களுக்கு வேறு உடன்பிறப்பு இல்லை. இரண்டு வருடமாக அக்கா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கடைசிக் கதவு ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில் அதைத் தட்டாமலே வைத்திருந்தாள்.

இன்று எட்டாம் அத்தியாயத்தில் தாள்களைச் சேர்த்துப் புரட்டினேன்.

“நில்லு.” அக்கா கண்ணைத் திறக்கவில்லை. “மூணு தாள் தாண்டிட்ட.”

“இல்லக்கா.”

“பதினெட்டு வருஷம் பைண்டிங்ல தாள் எண்ணினவடி நான். ஒரு தாள் புரள்ற சத்தம் எனக்குத் தெரியாதா? மொத நாள்லேருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.”

“அது வேணாம்க்கா. அவ வாடகை கேக்கிற எடம்.”

“அதைத்தான் படி.”

படித்தேன். விடுதிக்காரி எதிரே உட்கார்ந்தாள். வந்தவளின் கையைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொண்டாள். கேட்டாள்.



“பாவம்டி,” என்றாள் அக்கா. “கேக்கிறவளுக்கும் கூச்சமாத்தான் இருந்திருக்கும்.”

ஊசி குத்தாத கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். தாள் மடித்து மடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல். மறு கையிலிருந்து சிவப்பாகக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. என் கைப்பை எங்கள் இருவருக்கும் நடுவே, அவள் போர்வைமேல் கிடந்தது.

“ரெண்டு வருஷமா வாய்வரைக்கும் வந்து வந்து போகுது. கோவிச்சுக்காத.” அவள் இப்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “உன் கிட்னி ஒண்ணு எனக்குக் குடுக்கிறியாடி?”